முக்கிய வீரர்கள் காயத்தில், எதிரே பெரிய ஆட்டம்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்து சீசனில் பிப்ரவரி தாண்டிவிட்டால் எந்த அணி ரசிகரைக் கேட்டாலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும்: யார் ஆடுவார், யார் ஆடமாட்டார், ஆள் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது. பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஏற்கனவே நடந்து முடிந்த ஆட்டங்களையே உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

எங்கள் அணியில் முக்கியமான இரண்டு மூன்று பேர் இல்லை. ஆட்டம் முடிந்த மாதிரிதானா?

இல்லை. 2019 மே மாதம் லிவர்பூல் ரசிகர்கள் இருந்த நிலையைவிட மோசமான நிலை அபூர்வம். மே 1 அன்று ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் லெக்கில் (இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு) பார்சிலோனாவிடம் 3-0 தோல்வி. அந்த ஆட்டத்திலேயே நபி கெய்டா காயம்பட்டு வெளியேறினார். ஃபிர்மினோவுக்கு ஏற்கனவே தசைக் காயம். மே 4, சனிக்கிழமை நியூகாசிலில் நடந்த லீக் ஆட்டத்தில் சாலா தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனார். செவ்வாய்க்கிழமை லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் இரண்டாவது லெக். முன்வரிசை மூவரில் மிச்சம் இருந்தது மானே மட்டும்.

அவர்கள் இடத்தில் ஓரிகியும் ஷாகிரியும் இறங்கினார்கள். 7-வது நிமிடம் ஓரிகி கோல். இடைவேளையில் இன்னொரு அடி: பின்வரிசையின் இடது பக்கம் நிற்கும் இடது பேக் ராபர்ட்சனால் தொடர முடியவில்லை. மில்னர் இடது பேக்குக்குப் போக, நடுவில் வைனால்டம் வந்தார். அந்த வைனால்டம்தான் 54, 56 நிமிடங்களில் இரண்டு கோல் போட்டார். 79-வது நிமிடம் அலெக்சாண்டர் அர்னால்ட் கார்னரை விட்டு நகர்ந்துபோவதுபோல் போய், சட்டென்று திரும்பி அடித்தார். பார்சிலோனா வீரர்கள் இன்னும் தங்கள் இடத்தில் நிற்கவே இல்லை. ஓரிகி மட்டும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 4-0. பிறகு ஜூன் 1 அன்று மாட்ரிடில் டாட்டனமை 2-0 என்று வென்று கோப்பையும் கிடைத்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லிவர்பூலில் காணாமல் போனது கோல் அடிப்பவர்கள். வான் டைக், மாட்டிப், ஃபாபின்யோ, அலிசன் எல்லாரும் களத்தில் இருந்தார்கள். பந்தைப் பறிப்பது, எதிரணியை மூச்சுவிடாமல் நெருக்குவது என்ற அந்த அணியின் அடிப்படை வேலை துளியும் குறையவில்லை. அதனால்தான் முன்னால் யார் நின்றாலும் வாய்ப்பு வந்தது.

அப்படியானால் காயம் ஒரு பொருட்டே இல்லையா?

பெரிய பொருட்டுதான். ஆனால் நாம் யாருக்காக வருத்தப்படுகிறோமோ, ஓட்டை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. 2014 உலகக் கோப்பையின் பிரேசில் இதற்குச் சாட்சி. ஜூலை 4, கொலம்பியாவுக்கு எதிரான காலிறுதியில் நெய்மாருக்கு முதுகெலும்பில் முறிவு. நாடே துக்கத்தில் மூழ்கியது. அதே ஆட்டத்தில் கேப்டன் தியாகோ சில்வா, கோல்கீப்பர் ஓஸ்பினாவை மறித்ததற்காக மஞ்சள் அட்டை வாங்கினார். தொடரில் அது அவருடைய இரண்டாவது; அரையிறுதியில் ஆட முடியாது.

ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோண்டேயில் தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிசும் ஜூலியோ செசாரும் நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். மைதானமே கண்ணீர்விட்டது. ஜெர்மனி 29 நிமிடங்களில் 5-0. முதல் கோல் ஒரு கார்னர். முல்லரை யாருமே பிடிக்கவில்லை. 23-லிருந்து 29-வது நிமிடம் வரை குளோசே, குரூஸ், மறுபடி குரூஸ், கெதிரா என்று நான்கு கோல். கடைசியில் 7-1.

நெய்மார் இருந்திருந்தால் பிரேசில் இரண்டு மூன்று கோல் அடித்திருக்கலாம், ஏழைத் தடுத்திருக்க முடியாது. பின்வரிசையில் நின்று "நீ ஏறாதே, இங்கே நில்" என்று கத்த வேண்டிய தியாகோ சில்வா இல்லாததுதான் அன்றைய காயம். டேவிட் லூயிஸ் இஷ்டத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், அவரை நிறுத்த யாரும் இல்லை. உங்கள் அணியில் இல்லாதவர்களின் பெயரை எண்ணாதீர்கள். அவர்கள் செய்துவந்த வேலை என்ன, அதை நாளைக்கு யார் செய்யப்போகிறார் என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் மற்ற பதில்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

எந்த இடத்தில் ஆள் இல்லாவிட்டால் அதிகம் அடிவாங்கும்?

என் கணக்கில் வரிசை இது: சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்), பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர், அப்புறம் கோல்கீப்பர், கடைசியில்தான் விங்கரும் ஸ்ட்ரைக்கரும். கோல்கீப்பரை மூன்றாவதாகப் போட்டதற்குப் பலர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் பெரிய கிளப்களில் இரண்டாவது கோல்கீப்பர் பெரும்பாலும் நல்ல கோல்கீப்பராகவே இருப்பார். வாய்ப்பு கிடைக்காமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். நடு மிட்ஃபீல்டில் ஆட்டத்தின் வேகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு நகல் கிடைப்பதில்லை. 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிராக ரோட்ரி முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். தொடர்ந்து நான்கு வருடம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றிருந்த அவருடைய அணி மான்செஸ்டர் சிட்டி அந்த இலையுதிர் காலத்தில் தள்ளாடியது உலகத்துக்கே தெரியும். கோல் அடிக்க ஹாலண்ட் அங்கேயேதான் இருந்தார்.

சென்டர் பேக் இல்லை. நல்ல மிட்ஃபீல்டர் ஒருவரைப் பின்னால் இறக்கினால் சரியாகிவிடாதா?

ஒரு ஆட்டத்துக்குச் சரி. அதையே வழக்கமாக்கினால் ஒரு ஓட்டை இரண்டு ஆகிவிடும்.

2020 அக்டோபர் 17, எவர்டனுடனான ஆட்டத்தில் லிவர்பூல் சென்டர் பேக் வான் டைக்குக்கு முழங்கால் போனது. நவம்பரில் இன்னொரு சென்டர் பேக் கோமெஸ். ஜனவரி இறுதியில் மாட்டிப்பும் அந்த சீசன் முழுக்க முடிந்துபோனார். லிவர்பூல் என்ன செய்தது? ஃபாபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்வரிசைக்கு இழுத்தது. இருவருமே அங்கே மோசமாக ஆடவில்லை. ஆனால் அவர்கள் முன்பு நின்ற இடம் காலியாகிவிட்டது. பந்தைப் பறித்து உடனே முன்னால் தள்ளும் வேலை நின்றுபோனது. 68 லீக் ஆட்டங்கள் சொந்த மண்ணில் தோற்காமல் இருந்த அணி, பர்ன்லி, பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், செல்சி, ஃபுல்ஹாம் என்று ஆன்ஃபீல்டில் வரிசையாக ஆறு லீக் ஆட்டங்களைத் தோற்றது. அதில் எவர்டன் அங்கே ஜெயித்தது 1999-க்குப் பிறகு முதல்முறை.

மார்ச்சில் ஃபாபின்யோ மீண்டும் நடுவுக்குப் போனார். பின்னால் வேறு கிளப்பிலிருந்து கடனாக வந்த கபாக், பெரிய அனுபவம் இல்லாத நாட் ஃபிலிப்ஸ், இளைஞர் ரிஸ் வில்லியம்ஸ். பெயரைப் பார்த்தால் பயம் வரும். ஆனால் கடைசி பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா, 69 புள்ளிகளோடு மூன்றாவது இடம். அந்த ஓட்டத்தில்தான் மே 16 அன்று வெஸ்ட் பிராமுக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் கோல்கீப்பர் அலிசன் தலையால் முட்டி கோல் போட்டார்.

அதனால் நாளை லைன்-அப் (முதல் பதினொருவர் பட்டியல்) வரும்போது, பின்வரிசையில் தெரியாத பெயர் இருந்தால் பதறாதீர்கள். நல்ல மிட்ஃபீல்டர் பின்வரிசையில் நின்றால்தான் நான் கவலைப்படுவேன்.

நட்சத்திர வீரர் பாதிதான் குணமாகியிருக்கிறார். இறக்கிப் பார்க்கலாமே?

ஆசை நியாயமானதுதான். ஆனால் 2014 மே 24, லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியை ஞாபகம் வையுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பு பார்சிலோனாவில் 1-1 டிரா செய்து அட்லெட்டிகோ மாட்ரிட் லீக் பட்டத்தை வென்றது. அந்த ஆட்டத்திலேயே டியேகோ கோஸ்டாவும் ஆர்டா துரானும் முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார்கள். கோஸ்டாவுக்குத் தொடைத் தசை. பெல்கிரேடுக்குப் பறந்து, குதிரையின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த பொருளைவைத்துச் சிகிச்சை என்றெல்லாம் செய்தி வந்தது. இறுதி ஆட்டத்தில் முதல் பதினொருவரில் அவரும் இருந்தார். 9-வது நிமிடம் வெளியே.

அந்தக் காலத்தில் ஒரு ஆட்டத்துக்கு மூன்று மாற்று வீரர்கள்தான். ஒன்று முதல் பத்து நிமிடத்திலேயே வீணானது. 36-வது நிமிடம் கொடினின் கோலால் முன்னிலை. 93-வது நிமிடம் எதிரணியான ரியால் மாட்ரிடின் ரமோஸ் தலையால் சமன் செய்யும்வரை அது நின்றது. கூடுதல் நேரத்தில் அட்லெட்டிகோ வலது பேக் ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டிருந்தார். மாற்ற ஆள் அனுப்ப வழியில்லை. 110-வது நிமிடம் அந்தப் பக்கமாகவே டி மரியா புகுந்து போனார், பந்து பேலிடம், கோல். முடிவு 4-1. கோஸ்டாவை இறக்கியது தன் பொறுப்பு என்று அட்லெட்டிகோ கோச் சிமியோனே பிற்பாடு ஏற்றுக்கொண்டார்.

2019 இறுதியில் டாட்டனமும் கிட்டத்தட்ட இதையே செய்தது. கணுக்கால் காயத்தால் ஏப்ரலிலிருந்து ஆடாத ஹாரி கேன் நேராக இறுதியில் இறங்கினார். ஆம்ஸ்டர்டாமில் மூன்று கோல் போட்டு அணியை அங்கே கொண்டுவந்த லூகாஸ் மோரா பெஞ்சில். எனக்கு இன்றும் அது மனதுக்கு ஒப்பவில்லை.

எதிர் உதாரணமும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிந்த கோல்கீப்பர் கோர்ட்வா, 2024 ஜூன் 1 அன்று வெம்ப்ளியில் ரியால் மாட்ரிடுக்காக நின்று கோல் விடாமல் ஜெயித்தார். ஆனால் அவர் மே மாதத்திலேயே சில லீக் ஆட்டங்கள் ஆடிவிட்டார். அதுதான் வித்தியாசம். இடையில் ஒரு ஆட்டமாவது முழுசாக ஆடியிருந்தால் நம்பலாம். நேராகப் பெரிய ஆட்டம் என்றால் கடைசி அரைமணிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

"பயிற்சியில் கலந்துகொண்டார்" என்று செய்தி வருகிறது. அப்படியானால் ஆடுவாரா?

எந்தக் காயம் என்பதைப் பொறுத்தது. தொடையின் பின்பக்கத் தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங் என்றால் சந்தேகத்தோடு இருங்கள். லேசான இழுப்பு என்றாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். மெதுவாக ஓடும்போது வலி தெரியாது. முழு வேகத்தில் ஓடி நிற்கும் அந்த நொடியில்தான் மறுபடி பிடிக்கும். திரும்பத் திரும்ப வரும் காயங்களில் இதற்குத்தான் முதலிடம். கணுக்கால் சுளுக்கு வேறு மாதிரி. கட்டுப் போட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடிவிடுவார்கள்.

தலையில் அடி என்றால் பேச்சே இல்லை, ஆடக்கூடாது. 2019-இல் சாலா நன்றாக நடந்துகொண்டிருந்தார், மைதானத்துக்கும் வந்தார், "ஒருபோதும் விட்டுவிடாதே" என்று ஆங்கிலத்தில் எழுதிய டி-ஷர்ட்டோடு உட்கார்ந்து பார்த்தார். ஆனால் மூன்று நாளில் ஆட விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஏசிஎல் என்றால் எட்டு ஒன்பது மாதம். அந்தப் பெயரை இந்த சீசன் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கோச் பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்வதை நம்பலாமா?

"முடியாது" என்று சொன்னால் நம்பலாம். "நாளைக் காலை பார்த்து முடிவெடுப்போம்" என்பது எதிரணி கோச்சுக்கான வாசகம், உங்களுக்கானது இல்லை.

பெஞ்சில் முழுக்க அகாடமி (கிளப்பின் இளைஞர் பயிற்சிப் பள்ளி) பையன்கள். அவர்களை நம்பி எப்படித் தூங்குவது?

2024 பிப்ரவரி 25, வெம்ப்ளி, லீக் கோப்பை இறுதி. லிவர்பூலில் சாலா, அலிசன், அலெக்சாண்டர் அர்னால்ட், சோபோஸ்லாய், நுன்யெஸ், ஜோட்டா, ஜோன்ஸ் யாரும் இல்லை. முதல் பாதியில் கிராவன்பெர்க்கும் ஸ்ட்ரெச்சரில் போனார். எதிரே கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய செல்சி. கூடுதல் நேரத்தில் லிவர்பூலுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் பாபி கிளார்க், ஜேம்ஸ் மெக்கானெல், ஜேடன் டான்ஸ், குவான்சா. 118-வது நிமிடம் சிமிகாஸ் அடித்த கார்னரில் வான் டைக் தலையால் முட்டினார். 1-0.

பையன்கள் ஏன் சமாளித்தார்கள்? ஆளுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களைச் சுற்றி வான் டைக், எண்டோ மாதிரி மூத்தவர்கள் இருந்தார்கள். பதினெட்டு வயதுக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு பதினெட்டு வயதுக்காரர் நின்றால் கஷ்டம். ஒரு பெரியவர் நின்றால் போதும். ஐந்து மாற்றுகள் என்ற விதி வந்ததும் இவர்களுக்கு உதவி. தொண்ணூறு நிமிடத்தை அவர்கள் தாங்க வேண்டாம், முப்பது நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடினால் போதும்.

எங்கள் பலம் குறைந்திருக்கும்போது பின்னால் அடைத்துக்கொண்டு ஆடுவது அசிங்கமில்லையா?

ஒரு துளியும் இல்லை. 2023-24 சீசனில் ரியால் மாட்ரிடின் கோர்ட்வா, மிலிடாவோ, அலாபா மூன்று பேருக்கும் ஏசிஎல் கிழிந்தது. ஒரே சீசனில் முதல் கோல்கீப்பரும் இரண்டு சென்டர் பேக்குகளும். ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரில் காலிறுதியின் இரண்டாவது லெக். முதல் லெக் 3-3. 12-வது நிமிடம் ரோட்ரிகோ கோல் போட்டதும் மாட்ரிட் பின்வாங்கி, சிட்டி பந்தை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. 76-இல் டி புருய்னே சமன் செய்தார். அப்புறமும் 120 நிமிடம் வரை தாங்கினார்கள். பெனால்ட்டி ஷூட்அவுட்டில் மாட்ரிடின் முதல் அடியை மோட்ரிச் தவறவிட்டார். ஆனால் சீசன் தொடக்கத்தில் மூன்றாவது தேர்வாக இருந்த லூனின், பெர்னார்டோ சில்வாவின் அடியையும் கோவாசிச்சின் அடியையும் பிடித்தார். கடைசி அடி ரூடிகர். பதினான்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பை வைத்திருந்த கிளப்பே வெட்கப்படாமல் தற்காத்து ஆடி, பதினைந்தாவதையும் வாங்கியது. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

காயங்கள் ஏன் மொத்தமாக வருகின்றன?

ஒருவர் போனால் அவர் ஓட வேண்டியதை மற்றவர் ஓட வேண்டும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், நடுவில் பயணம், ஓய்வு கொடுக்க ஆள் இல்லை. களைத்த காலில்தான் தசை கிழியும்.

இதில் ஆர்சனல் பெண்கள் அணியின் 2022-23 சீசன் மனதைவிட்டுப் போகாதது. நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியான் மீடெமா, ஏப்ரல் 19 அன்று இங்கிலாந்து அணியின் கேப்டனான லியா வில்லியம்சன்: மூவருக்கும் ஏசிஎல். அதற்கு நான்கே நாள் கழித்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. வோல்ஃப்ஸ்பர்கில் 2-0 பின்தங்கியிருந்து 2-2 ஆக்கினார்கள். மே 1, எமிரேட்ஸ் மைதானத்தில் அறுபதாயிரம் பேர். ஆட்டத்தின் நடுவில் மாற்று வீராங்கனையாக வந்த லாரா வீன்ரோய்தரும் சற்று நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதுவும் ஏசிஎல், நான்காவது. அப்படியும் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்கள் வரை 2-2. 119-வது நிமிடம் வோல்ஃப்ஸ்பர்கின் பிரேமர் போட்ட கோலில் தோற்றார்கள்.

பெண் வீரர்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது. உடலமைப்பு ஒரு காரணம் என்கிறார்கள். ஆனால் மைதானத் தரம், பெண்களின் காலுக்கென்று செய்யப்படாத பூட்ஸ், போதாத மருத்துவ வசதி ஆகியவையும் பேசப்படுகின்றன. இவை மனிதர் கையில் இருப்பவை, மாற்றியே ஆக வேண்டியவை.

எதிரணியில் ஒருவருக்குக் காயம் என்றால் சந்தோஷப்படலாமா?

வேண்டாம். ஒருவருடைய பிழைப்பு அது.

ஆட்டம் தொடங்கியதும் முதலில் எதைப் பார்ப்பது?

முதல் பதினைந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு மாற்று வீரர் நிற்கும் பக்கத்தைப் பாருங்கள். எதிரணி அந்தப் பக்கமே நீளமான பாஸ்களைப் போடுகிறதா? அவருக்கு உதவியாக மிட்ஃபீல்டர் ஓடி வருகிறாரா? வந்தால் உங்கள் கோச் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார். அப்புறம் கார்னர்களும் ஃப்ரீ கிக்குகளும். புதிய பின்வரிசை முதலில் உடைவது அங்கேதான். அதேபோல், பலம் குறைந்த அணி கோல் எடுக்கக்கூடிய இடமும் அதுதான்.

நம் ஊர் நேரப்படி எப்போது டிவியைப் போட வேண்டும்?

சாம்பியன்ஸ் லீக்கின் வழக்கமான இரவு ஆட்டம் குளிர்காலத்தில் இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டி 1:30-க்கு, மார்ச் கடைசிக்குப் பிறகு 12:30-க்குத் தொடங்கும். லைன்-அப் அதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிடும். வந்ததும் முதலில் பின்வரிசை நால்வரையும், அவர்களுக்கு முன்னால் நிற்பவரையும் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் யார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.